டாகிளா, மேக்னெட்டிக்கா? ரம்பத்துக்கு நான் மாற்றிய சுவிட்ச்

என் டேபிள் ரம்பத்தில் முதலில் இருந்தது மேலும் கீழும் தட்டிவிடும் சாதாரண டாகிள் சுவிட்ச். ஒருநாள் பலகை பாதி அறுபட்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பலகையை உருவி எடுத்தேன், சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. பிளேடு ஓரத்தில் அப்பியிருந்த தூளை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. பிரஷ் எங்கேயோ பறந்தது. விரல் பத்தும் மிச்சம். அந்த வாரமே மேக்னெட்டிக் சுவிட்ச் மாட்டினேன்.

விலை, மாட்டும் சுலபம் இரண்டிலும் டாகிள்தான் ஜெயிக்கும். அதில் பேச ஒன்றுமில்லை.

மேக்னெட்டிக்கில் பச்சை பட்டனை அமுக்கியதும் உள்ளே இருக்கும் காயில் (கரண்ட் ஓடினால் காந்தமாகும் கம்பிச்சுருள்) கான்டாக்ட்டை, அதாவது கரண்டைச் சேர்க்கும் முனைகளை, இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும், ஸ்பிரிங் கான்டாக்ட்டைப் பிரித்துவிடும். திரும்ப வந்தாலும் பச்சையை மறுபடி அமுக்கும்வரை மோட்டார் அசையாது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினாலும் இதே கதைதான்.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது, இரண்டும் கெட்டுப்போகும் விதம். 1 ஹெச்பி மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது 6, 7 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. சாதாரண சுவிட்சின் மேல் போட்டிருக்கும் 10 ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சுமைக்கான கணக்கு. மோட்டாரை அதில் போட்டு அணைக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி பறக்கும். கழற்றிய டாகிளைப் பிரித்துப் பார்த்தேன்: ஒரு முனை கருகி, குழி விழுந்திருந்தது. இது முற்றினால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். சுவிட்ச் ஆஃபில் இருக்கும், ரம்பம் ஓடிக்கொண்டே இருக்கும். மேக்னெட்டிக்கில் காயில் எரிந்தால் பட்டனை விட்டதும் மோட்டார் நின்றுவிடும். எரிச்சல்தான், ஆபத்தில்லை. சரி, அதன் கான்டாக்ட்டும் ஒட்டாது என்றில்லை. மோட்டாரின் ஹெச்பிக்குக் குறைவான சுவிட்சை மாட்டினால் அதற்கும் அதே கதிதான். காயிலின் வோல்ட்டேஜ் லைனோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டாகிளை எல்லா இடத்திலும் நான் தூக்கிவிடவில்லை. ரம்பம் ஓடினால் தானாக ஓடும்படி ஒரு சாக்கெட்டில் வாக்குவம் மாட்டியிருக்கிறேன். அந்த சாக்கெட்டுக்குக் கரண்ட் வந்ததும் வாக்குவம் கிளம்பியாக வேண்டும், அங்கே மேக்னெட்டிக் தொல்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பின்னால் அதை வைத்தாலும் காயில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் நான் போட்டுப் பார்த்ததில்லை.

ஷாக் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். அதற்கு ஒழுங்கான எர்த்தும், கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும்.

அப்புறம், மேக்னெட்டிக்குக்கு ஒரு பராமரிப்பு உண்டு. மரத்தூள் புகுந்து பச்சை பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டால், கரண்ட் வந்ததும் ரம்பம் தானே கிளம்பிவிடும்; வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். அதனால் மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு பட்டன் இடுக்குகளை ஊதித் துடைக்கிறேன். பிறகு பலகை எதுவும் வைக்காமல் ரம்பத்தை ஓடவிட்டு, சுவரில் பிளக்கைப் பிடுங்கி, பிளேடு நின்றதும் மறுபடி சொருகுகிறேன். பிளேடு அசையவில்லை என்றால்தான் அன்றைக்கு வேலை.