ஹாஸ்டல் வாசலில் சிறுநீர் கிட்: வாங்கலாமா?

பார்க்கப் போவது ஆன்லைனிலும் சர்ஜிக்கல் கடைகளிலும் கிடைக்கும் ஆறு பேனல் போதைச் சோதனை அட்டை. சிறுநீரில் முக்கினால் கஞ்சா, மார்ஃபின் வகை, தூக்க மாத்திரை வகை, ஆம்ஃபெடமின், கோகெயின், பார்பிச்சுரேட் ஆகிய ஆறையும் ஒரே தடவையில் காட்டும். ஒரு அட்டை சில நூறு ரூபாய். வேறு வேறு பெயர்களில் வந்தாலும் உள்ளே இருக்கும் நுட்பம் ஒன்றுதான். அதனால் இங்கே சொல்வது எந்தப் பெயரில் வாங்கினாலும் பொருந்தும். வேலூர், காட்பாடி பக்கத்து ஹாஸ்டல் நிர்வாகிகளும் பெற்றோரும் வாங்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. டாக்டரின் அறையில் இது உருப்படியான கருவி. ஹாஸ்டல் வாசலில் வைத்தால் காசுக்கும் கேடு, பிள்ளைகளுக்கும் கேடு.

முதலில் பயன்படுத்தும் முறை. அட்டை இருக்கும் பை அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்த சிறுநீராக இருந்தால் அதையும் வெளியில் எடுத்துக் குளிர் போகும் வரை வைக்க வேண்டும். பையைப் பிரித்தால் ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், ஏனென்றால் காற்றின் ஈரம் பட்டால் பட்டை கெட்டுவிடும். முக்கும் அட்டையானால் குறிக்கோட்டைத் தாண்டாமல் 10 முதல் 15 விநாடி முக்கி, சமதளத்தில் படுக்க வைக்க வேண்டும். கேசட் வகையானால் ஒவ்வொரு குழியிலும் 3 சொட்டு. 5 நிமிடத்தில் படிக்க வேண்டும், பெரும்பாலான தயாரிப்புகளில் 10 நிமிடத்துக்குப் பின் தெரிவதற்கு மதிப்பில்லை. எல்லாவற்றையும் முக்கி மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து படிப்பவர்கள் தாமாகவே முடிவை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் கோடுகளைப் படிப்பதுதான். கொரோனா கிட்டும் கர்ப்பச் சோதனை கிட்டும் நம்மைப் பழக்கியிருப்பது 'இரண்டு கோடு என்றால் பாசிட்டிவ்' என்று. இது தலைகீழ். இரண்டு கோடு தெரிந்தால் நெகட்டிவ். சோதனைக் கோடு மறைந்துபோனால்தான் பாசிட்டிவ். பட்டையில் ஓடும் நிறமேற்றிய ஆன்டிபாடி, சோதனைக் கோட்டில் ஒட்டியிருக்கும் மருந்து மூலக்கூறைப் பிடித்தால் அங்கே நிறம் வரும். சிறுநீரிலேயே போதைப்பொருள் இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும், கோட்டில் நிறம் தங்காது. ஆகவே கோடு மங்கலாக, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தாலும் அது நெகட்டிவ்தான். 'லேசா இருக்கு, கொஞ்சமா அடிச்சிருப்பான்' என்று படிப்பது தவறு. அட்டை ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லை என்றால் அட்டை செல்லாது, வேறு அட்டை எடுக்க வேண்டும்.

அடுத்து வெயில். பையின் மேல் 2 முதல் 30 டிகிரி வரை வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஏசி இல்லாத வார்டன் அறை அலமாரியிலும் கூரியர் வண்டியிலும் கிடந்த பெட்டியில் காலாவதித் தேதி மீதி இருந்தாலும் அதை நம்பி ஒரு மாணவரின் பெயரை எழுத முடியாது. சிறுநீர் பிடிக்கும் கோப்பையில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைப் பட்டைக்கும் இதே கதி. அப்போது கொடுத்த சிறுநீர் 4 நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி காட்ட வேண்டும் என்பது விதி. அறையே 38 டிகிரி இருக்கும் ஊரில் காலையில் எடுத்து வைத்த சிறுநீரும் 'புதுசு' என்றுதான் காட்டும். வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடித்த பிள்ளையின் சிறுநீர் நீர்த்திருப்பது இயல்பு. அதில் கிரியேட்டினின் என்ற இயல்பான கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஆய்வகம் 'நீர்த்த மாதிரி' என்று எழுதும். அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மறுபடி மாதிரி கேட்க வேண்டும் என்பதே பொருள்.

இனி பொய்ப் பாசிட்டிவ். அபின் செடியின் விதைதான் கசகசா. அதில் சிறிதளவு மார்ஃபின் ஒட்டியிருக்கும். மார்ஃபின் பேனலின் வரம்பு சில அட்டைகளில் 300 நானோகிராம், சிலவற்றில் 2000. 300 வரம்புள்ள அட்டையை வாங்கிவிட்டால் கசகசா தாராளமாகப் போட்ட குருமாவும் பாயாசமும் சாப்பிட்டவர் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. கல்யாண வீட்டுக்குப் போய்வந்த திங்கட்கிழமையில் சோதிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எழுதிக் கொடுக்கும் ஆஃப்லாக்சசின், லீவோஃப்லாக்சசின் போன்றவையும் மார்ஃபின் பேனலைத் தொந்தரவு செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் தூக்க மாத்திரை பேனலில் பாசிட்டிவ் காட்டலாம். சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎபிட்ரின் ஆம்ஃபெடமின் பேனலில் வரும். கொடுமை என்னவென்றால், புகைப்பழக்கத்தை விடுவதற்காகத் தரும் புப்ரோபியானும் அதே பேனலில்தான் வரும். உதவி தேடிப் போன பிள்ளையே குற்றவாளியாக நிற்பான்.

இல்லாததை இருப்பதாகக் காட்டுவதைவிடப் பெரிய குறை, இருக்கிறதைக் காட்டாமல் விடுவது. இப்போது தமிழ்நாட்டில் இளைஞர்கள் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வலி மாத்திரை தபென்டடால். மார்ஃபின் பேனல் அதைப் பிடிக்காது. நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலினையும் பிடிக்காது. தூக்க மாத்திரை பேனல் டயஸெபம் குடும்பத்தைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்தது, க்ளோனசெபம், லோராசெபம் போட்டவர்கள் பல நேரம் தப்பிவிடுவார்கள். ஒயிட்னர், சொல்யூஷன் முகர்வது தெரியாது. ஹான்ஸ், கூல் லிப் தெரியாது. மாணவர்களிடம் சாதாரணமாகப் புழங்கும் சாராயமும் பீரும்கூட இந்த ஆறில் இல்லை.

கஞ்சாவோ எளிதில் மாட்டும். ஒரே ஒரு தடவை இழுத்தால் ஏறத்தாழ 3 நாள், தினமும் இழுப்பவர்களுக்கு 10 முதல் 15 நாள், பல மாதமாக விடாமல் இழுத்தவர்களுக்கு 30 நாளும் அதற்கு மேலும் சிறுநீரில் நிற்கும், ஏனென்றால் அது கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இதை ஹாஸ்டல் மாணவர்கள் நிர்வாகத்தை விட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். வாசலில் கிட் வைத்தால், மாட்டிக்கொள்ளும் கஞ்சாவிலிருந்து மாட்டாத மாத்திரைக்குத் தாவுவார்கள். கஞ்சாவில் மூச்சு நின்று சாவது மிக அபூர்வம். தபென்டடாலும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு நிற்கும், வலிப்பும் வரும். பொடித்த மாத்திரையை ஊசியில் ஏற்றினால் அதிலுள்ள மாவுப்பொருள் ரத்தக் குழாயை அடைக்கும், கை அழுகிப்போவது வரை போகும். காசு கொடுத்துப் பிள்ளைகளை ஆபத்து அதிகமான பக்கம் தள்ளிவிடும் பொருளுக்கு எத்தனை நட்சத்திரம் தருவது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இலேயே கல்விக்கூடங்களில் பரவலாகச் சோதனை நடத்துவதை ஆதரிக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

கணக்கும் பார்த்துவிடலாம். 1000 பேர் உள்ள ஹாஸ்டலில் 50 பேர் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். கிட் 100க்கு 95 தடவை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 50 பேரில் 47, 48 பேர் மாட்டுவார்கள். மீதி 950 பேரில் 5 சதவீதம், அதாவது 47, 48 பேர் எதையும் தொடாமலே மாட்டுவார்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேர் நிரபராதிகள். இதனால்தான் அட்டையின் பின்பக்கம் 'முதல்நிலை முடிவு மட்டுமே' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. உறுதி செய்ய ஆய்வகத்தில், மூலக்கூறின் எடையை வைத்து அது எந்தப் பொருள் என்று அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சோதனை வேண்டும். அந்தச் செலவை யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

பாசிட்டிவ் வந்ததும் அன்றிரவே ஊருக்கு பஸ் ஏற்றிவிடும் பழக்கம் தனி ஆபத்து. மாட்டியவர் தினமும் குடிப்பவராகவும் இருந்து திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் ஆளும் இடமும் தெரியாத உளறல் வரலாம், அது உயிரையே எடுக்கும். தூக்க மாத்திரைக்கும் திடீர் நிறுத்தம் ஆகாது. பஸ்ஸில் கவனிக்க யார் இருக்கிறார்கள்? ஒருவர் எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, மூச்சு மெதுவாகிக் கிடந்தால் அங்கே கிட்டுக்கு வேலையே இல்லை. 108ஐ அழைத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகில் கிடக்கும் காலி மாத்திரை அட்டையை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். அபின் வகை என்று தெரிந்தால் அவர்கள் அதை முறிக்கும் நலாக்ஸோன் மருந்தைப் போடுவார்கள்.

இத்தனை சொன்னாலும் கிட் குப்பை இல்லை. சிகிச்சையில் இருக்கும் மாணவர், தானே சம்மதித்து, டாக்டரின் முன்னால் வாரம் ஒருமுறை சோதித்துக்கொள்வது பலன் தரும். 'சுத்தம்' என்று வந்த ஒவ்வொரு வாரத்துக்கும் சின்னப் பரிசு தரும் சிகிச்சை முறையும் உண்டு. அபின் வகையின் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தை ஆரம்பிக்கும் முன் 7 முதல் 10 நாள் அபின் வகை எதையும் தொடாமல் இருக்க வேண்டும், அது உடம்பில் இல்லை என்று பார்க்கவும் இது உதவும். ஆனால் அங்கேயும் தபென்டடால் தெரியாது என்பதால் வாயால் கேட்டே ஆக வேண்டும். கஞ்சாவை விட்டு மூன்றாவது வாரத்தில் ஒரு தடவை நெகட்டிவ், அடுத்த தடவை பாசிட்டிவ் என்று மாறி மாறி வரலாம். கொழுப்பில் தங்கியது கசிகிறது என்று தெரியாத அப்பா 'மறுபடி ஆரம்பிச்சிட்டியா?' என்று கத்தினால் அதுவரை விட்டிருந்த பையன் நிஜமாகவே ஆரம்பித்துவிடுவான். அபின் வகையை விட்டபின் மறுபடி தொடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து: உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும், அதே அளவே உயிரை எடுக்கலாம். வீட்டார் இதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

ஒரு பெட்டி கிட் வாங்கும் காசில் ஹாஸ்டல் செய்யக்கூடியது: ஒரு ஆசிரியருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விக் குடிப்பழக்கப் படிவத்தைப் பயன்படுத்தப் பழக்குவது. மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கெடுதல் தரும் அளவில் குடிக்கிறார் என்று பொருள். படிவம் நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதன்பின் ஒரு கால்மணி நேரம் திட்டாமல் பேசினால் போதும். படிவம் வார்டனின் கோப்புக்குப் போகாது என்ற உறுதி இல்லாவிட்டால் எல்லோரும் பூஜ்ஜியம்தான் எழுதுவார்கள்.

அதற்கு மேல் வேண்டியவர்களுக்கு ஊரிலேயே இடம் இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. வீட்டார் ஒருவர் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை அங்கே 1957லிருந்து வழக்கம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சுவர் விளம்பரத்தைப் பார்த்து யாரோ நடத்தும் 'மறுவாழ்வு இல்ல'த்துக்குப் போவதானால் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது, சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தெரியும்' என்று பயப்படுபவர்களுக்கு: 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர் அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு போகலாம். விற்றவருக்கு இது பொருந்தாது.

தொலைபேசி எண்கள் இரண்டு போதும். 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இவற்றை வார்டன் அறைக்கு எதிரே அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அங்கே நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள எவனுக்கும் துணிவு வராது. கழிவறைக் கதவின் உட்புறம், கண்ணுக்கு நேரான உயரத்தில், ஈரம் படாமல் லேமினேட் செய்து ஒட்டுங்கள்.