எலெக்ட்ரிக் காருக்குப் புது வசதி: கம்பெனி அப்டேட்டா, கடை ஃபிட்டிங்கா, காரையே மாற்றுவதா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு எதற்கும் இரண்டு திசை உண்டு. கிழக்கே கோவை, மேற்கே பாலக்காடு. சர்வீஸ் சென்டரும் இரண்டு பக்கம், ஆக்சஸரி கடையும் இரண்டு பக்கம். அதனால் 2021-லோ 2022-லோ எலெக்ட்ரிக் கார் வாங்கியவர், பக்கத்து வீட்டுப் புது மாடலைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் நம்ம காரில் வராதா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு ஒரு பதில், அதுதான் சிக்கல். எல்லா வசதிக்கும் ஒரே வழி சரிப்படாது என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தப் பக்கம் என் கண்ணில் அதிகம் படுவது டாடா நெக்ஸான் இவி (நெக்ஸானின் எலெக்ட்ரிக் மாடல்) என்பதால் உதாரணமும் அதுவே.

முதலில் ரீஜென். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கி, கொஞ்சம் கரண்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறதே, அது. 2020 ஜனவரியில் வந்த முதல் நெக்ஸான் இவியில் அதன் அளவை நாம் கூட்டிக் குறைக்க முடியாது. 2022 மே மாதம் வந்த நெக்ஸான் இவி மேக்ஸில் நான்கு நிலைகள் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் நெக்ஸான் இவி பிரைம் வந்தபோது அதிலும் ரீஜென் அளவை மாற்றும் வசதி இருந்தது. கூடவே பழைய நெக்ஸான் இவிக்காரர்களுக்கும் சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் ஏற்றித் தருவதாக அறிவித்தார்கள், முதல் முறை இலவசம். இது எப்படி முடிந்தது? மோட்டார் முன்பிருந்தே ஜெனரேட்டராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு இழுக்கவேண்டும் என்பது மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஒரு கணக்கு. கணக்கை மாற்றினால் போதும், ஸ்பேனர் வேண்டாம்.

நெல்லியாம்பதியிலிருந்து போத்துண்டி அணைப் பக்கம் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துச் சூடாக்கும் வேலை பாதியாகிவிடும். (மலை மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் கரண்டுக்கு இடமில்லை, ரீஜென் ஏறக்குறைய வேலை செய்யாது.) இந்த வசதியில் வெளிக்கடைக்குப் போட்டியே இல்லை. கன்ட்ரோலரைத் திறந்து எழுதத் தெரியும் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது டயர் காற்று எச்சரிக்கை. அதே 2022 அப்டேட்டில் இதுவும் வந்தது. ஆனால் டயருக்குள் சென்சார் எதுவும் வைக்கவில்லை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் மற்ற மூன்றைவிட ஒரு பொடி வேகமாகச் சுழலும். ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) ஏற்கெனவே ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வேக சென்சார் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் நான்கு டயரிலும் காற்று ஒரே மாதிரி மெல்ல இறங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. காற்று அடித்த பிறகு ரீசெட் செய்யவும் மறக்கக்கூடாது. காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்ற எண்ணும் கிடைக்காது. இங்கே கடைச் சரக்கு ஜெயிக்கிறது. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் நான்கு சென்சார், டேஷ்போர்டில் ஒட்டும் சின்ன சோலார் டிஸ்ப்ளே, அவ்வளவுதான். காரின் ஒரு வயரையும் தொடவேண்டாம். பிஎஸ்ஐ எண் நேராகத் தெரியும். அப்டேட் போட்டவர்களும் இதைத் தனியாக வாங்கி மாட்டலாம்.

ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், அந்த விஷயத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கவேண்டும். மேக்ஸின் சோதனைச்சாலை ரேஞ்ச் 437 கிலோமீட்டரிலிருந்து 453 ஆக உயர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த மேக்ஸ் கார்களுக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் டீலரிடம் சாஃப்ட்வேர் போட்டுத் தந்தார்கள். பேட்டரி அதே 40.5 கிலோவாட் அவர்தான். சும்மா கிடைத்த 16 கிலோமீட்டரை யார் வேண்டாம் என்பார்கள்! ஆனால் ஆடி மாதம் கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும்போது கணவாய்க் காற்று நேர் எதிரே அடிக்கும், அது இதைவிட அதிகமாகத் தின்றுவிடும்.

சார்ஜிங் வேகம்தான் எல்லோரும் ஏமாறும் இடம். "ஏனுங்க, வீட்டுச் சுவத்துல பெரிய சார்ஜரா மாட்டினா சீக்கிரம் ஏறிருமுங்களா?" என்று கொழிஞ்சாம்பாறையில் ஓர் ஆசிரியர் கேட்டார். ஏறாது. சுவரில் மாட்டுவது கரண்டைக் கொடுக்கும் பெட்டி மட்டும். ஏசி கரண்டை டிசியாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. அது 3.3 கிலோவாட் என்றால் 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3-தான் எடுக்கும். 40.5 பேட்டரி காலியிலிருந்து நிறைய 13 மணி நேரத்துக்குக் குறையாது; 7.2 உள்ள காருக்கு ஆறு மணி நேரம் சொச்சம். இதை எந்த அப்டேட்டும் மாற்றாது. காரிலிருந்து மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் கரண்ட் எடுக்கும் வி2எல்-லும் இதே கதைதான். கரண்டை இரு பக்கமும் அனுப்பும் சார்ஜர் உள்ளே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா, ஸ்பீக்கர், 360 டிகிரி கேமரா எல்லாம் கடையின் ராஜ்ஜியம். விலையும் குறைவு, வேலையும் ஒரு பகலில் முடியும். கவனிக்கவேண்டியது 12 வோல்ட் பேட்டரியை. எலெக்ட்ரிக் காருக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர்கள், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அந்தக் குட்டி பேட்டரியில்தான் எழுந்திருக்கின்றன. பார்க்கிங் மோடு டேஷ்கேமை நேரடியாக இழுத்துக் கட்டி, வண்டியை ஒரு வாரம் போர்ட்டிகோவில் விட்டுப் பாருங்கள். பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் இருந்தும் வண்டி 'ரெடி' ஆகாமல் நிற்க வாய்ப்புண்டு. வோல்டேஜ் இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் கிட் கேட்டு வாங்குங்கள். ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், வயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் (செருகி மாட்டும் இணைப்பு) மாட்டச் சொல்லுங்கள். வயரை வெட்டி டேப் சுற்றினால் சர்வீஸ் சென்டர் வாரண்டி கேள்வி எழுப்பும். ஆரஞ்சு நிற வயர் பக்கம் கையே போகக்கூடாது, அது ஹை வோல்டேஜ்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்ததும் கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறார். கோவையில் கண்டுகொள்ளாத எக்ஸ்ட்ரா லைட்டுக்கும் அகல டயருக்கும் வாளையார் தாண்டியதும் அபராதச் சீட்டு வரலாம். அகல டயர் ரேஞ்சையும் குறைக்கும், அது தனி நஷ்டம்.

இனி அப்டேட் வரும் வழி. வீட்டில் நிற்கும்போதே காற்றில் வந்து இறங்கும் அப்டேட்டுக்குத்தான் விளம்பரம் அதிகம். 2018-இல் டெஸ்லா மாடல் 3-இன் பிரேக் தூரம் நீளம் என்று அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் குறை சொன்னதும், சில நாட்களில் ஓர் அப்டேட் அனுப்பி சுமார் 19 அடியைக் குறைத்தார்கள். அசத்தல்தான். ஆனால் அதே வழியில் பில்லும் வரும். காரில் ஏற்கெனவே இருக்கும் வேகத்தைத் திறந்துவிட ஆண்டுக்கு 1,200 டாலர் என்று 2022-இல் மெர்சிடிஸ் அமெரிக்காவில் அறிவித்தது. சீட் சூடாக மாதச் சந்தா கேட்ட பிஎம்டபிள்யூ, எதிர்ப்புக்குப் பிறகு 2023-இல் அதைக் கைவிட்டது. நம் ஊரில் சர்வீஸ் சென்டரில் கேபிள் மாட்டி ஏற்றும் அப்டேட்டையே நான் அதிகம் நம்புவேன். பாதியில் நின்றால் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். கேட்டால்தான் போடுவார்கள் என்பது மட்டும் குறை. சர்வீஸுக்கு விடும்போதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, பழைய வெர்ஷன் எண்ணை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு பழையதற்குத் திரும்ப வழி பெரும்பாலும் இருக்காது.

காரையே மாற்றுவது? காருக்குள் பெரிய சார்ஜர், பெரிய பேட்டரி, ரேடார் வேண்டிய ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு வசதிகள்), இந்த மூன்றில் ஒன்று நிஜமாகவே தேவை என்றால் மட்டும் எக்ஸ்சேஞ்ச் விலை கேளுங்கள். தினமும் கோவை போய்த் திரும்பி, ராத்திரி முழுக்க வண்டி வீட்டில் நிற்கிறது என்றால் 3.3 கிலோவாட்டே தாராளம். வி2எல் மட்டும்தான் ஆசை என்றால் வீட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ளலாம், காரை மாற்றும் செலவில் கால்வாசிகூட ஆகாது.