நைட் ஷிப்ட்டுக்கு வீடா, வண்ணார்பேட்டை டெஸ்க்கா?

அமெரிக்க கிளையண்ட்டுக்கு வேலை பாக்குத ஆளு நம்ம திருநெல்வேலிக்கே வந்துட்டா ரெண்டு வழிதான், ஒண்ணு வீட்லயே லேப்டாப்ப தொறந்து உக்காரணும், இல்லன்னா எங்கயாவது ஒரு டெஸ்க்க வாடகைக்கு எடுத்து போயிட்டு வரணும். வீடு டவுன்ல. ரெண்டையும் பாத்துட்டு இப்ப வண்ணார்பேட்டைல டெஸ்க் எடுத்துருக்கேன், அதனால நான் எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிருதேன்.

காசு, சாப்பாடு ரெண்டுலயும் வீடுதான் ஜெயிக்கும். வாடகை, பெட்ரோல் கிடையாது, பசிச்சா அடுக்களைல ரெண்டு தோசை ஊத்திக்கலாம். பைபர் வந்தபெறவு நெட்டும் ஒண்ணுதான்.

தூக்கத்துலதான் இருக்கு விசயமே. நியூயார்க்ல காலைல 9 மணின்னா நமக்கு சாயங்காலம் 6.30, நவம்பர்ல அவங்க கடிகாரத்த மாத்துனா 7.30. ஷிப்ட் முடிய 4 மணி ஆயிரும், 7 மணி நேரமாவது தூங்கணும்னா பகல் 11 வரைக்கும் எழுப்பக்கூடாது. ஆனா வீட்ல வேலை பாத்தா நம்ம வேலைக்கே போகலைனுதான் எல்லாருக்கும் நெனப்பு. காலைல கதவத் தட்டி "எய்யா, சிலிண்டர் வந்துருக்கு, எறக்கி வச்சிட்டு பெறவு தூங்கு"ன்னு ஆச்சி நிப்பாவ. அஞ்சு நிமிச வேலைதான், ஆனா அந்த வெயில் கண்ணுல பட்டதும் மெலட்டோனின்னு தூக்கம் வர வைக்குத ஹார்மோன் கொறைஞ்சு ஒடம்பு பகல்னு முடிவு பண்ணிரும், அதுக்கப்புறம் பொரண்டு பொரண்டு படுக்க வேண்டியதுதான். அத்தைக்கு ரேஷன் கார்டு விசயமா ஒரு போன், கரண்ட் பில்லு, எல்லாம் "அவன் வீட்லதான இருக்கான்".

டெஸ்க்குக்கு போக ஆரம்பிச்சதும் அதே ஆச்சி "ராத்திரி பூரா வேலைக்குப் போயிட்டு வந்துருக்கான், எழுப்பாதிய"ன்னு வாசல்ல காவல் இருக்காவ. அதே வேலை, அதே சம்பளம், பேக்க மாட்டிக்கிட்டு வாசப்படி தாண்டுனது மட்டும்தான் வித்தியாசம்!

மனசுக்கும் அப்படித்தான். வீட்ல கட்டில் பக்கத்துலயே லேப்டாப் கெடக்கும், 5 மணிக்கு டிங்குன்னா கை போயிரும். பிரான்ஸ்ல 2017ல இருந்து வேலை நேரம் முடிஞ்சா மெசேஜ் பாக்காம இருக்க சட்டமே இருக்கு, நமக்கு பேக் ஜிப்ப மூடுறதுதான் சட்டம். மேனேஜர் கடுப்பேத்துன கால் முடிஞ்சாலும் சுலோச்சன முதலியார் பாலத்துல வண்டிய விட்டா ஆத்துக்காத்துல பாதி எறங்கிரும், மீதி வீட்டுக்குள்ள வராது. டெஸ்க்னா வெளிச்சம் வர முன்னாடி வீடு சேந்துரணும், ஜன்னலுக்கு கட்டியான துணி போடுதது மட்டும் ரெண்டுக்கும் பொது.

பகல் ஷிப்ட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்து வருமான்னு உறுதியா சொல்ல மாட்டேன். கூட வேலை பாக்குத அக்கா ஒருத்தங்க விடியக்காலம் 4 மணிக்கு தனியா வண்டி ஓட்டிட்டு வரதுக்கு வீடே மேலுங்காங்க, அதுவும் நியாயம்தான்.

டெஸ்க் எடுக்கதுன்னா அட்வான்ஸ் குடுக்க முன்னாடி ஒரு தடவ ராத்திரி 12 மணிக்கு மேல போயி பாருங்க. கேட்ட பூட்டிருதாங்களா, கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடுதா, ரெண்டையும் பகல்ல கேட்டா எல்லாரும் ஓடும்னுதான் சொல்லுவாங்க.