வீட்டில் செய்த டிஜிட்டல் செட்டிங் சர்க்கிள்: நாலு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பேரணாம்பட்டில் இன்வெர்ட்டர், டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒட்டி நின்றனவே, அதைப் பார்த்தே தீருவது என்று அவசர அவசரமாக ஆசாரியை விரட்டிச் செய்து முடித்ததுதான் என் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம், பிளைவுட் பெட்டி, சன்மைக்கா மேல் டெஃப்லான் துண்டு. ஜான் டாப்சன் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டுவதற்காகச் செய்த அதே வடிவம்.

நிலாவும் கிரகமும் சலிக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் விண்மீன் திரள்களைத் தேட ஆரம்பித்தேன். அங்கேதான் கழுத்து வலி வந்தது. குழாய்மேல் இருக்கும் கண்டுபிடிப்பான் என்ற சின்னத் தொலைநோக்கி வழியாக ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாவித் தாவிப் போய் ஒரு மங்கலான பஞ்சுத் துண்டைப் பிடிப்பதற்குள், மேகம் வந்துவிடும். அல்லது மச்சான் வந்து "யானை இறங்கியிருக்காம், கிளம்புங்க மாமா" என்பார். இரண்டுமே எனக்குப் பலமுறை நடந்திருக்கின்றன. நான் பார்க்கப் போகும் இடம் மலைப்பாதை ஏறி ஆந்திரப் பக்கம், வி.கோட்டாவைத் தாண்டி மச்சானின் மாந்தோப்பு. ஊர் வெளிச்சமெல்லாம் கீழேயே நின்றுவிடும். ஆனால் கவுண்டின்யா சரணாலயத்து யானைகளுக்கும் மாம்பழம் பிடிக்கும், பக்கத்து வயல் தக்காளியும் பிடிக்கும். நேரம் நம் கையில் இல்லை.

அதனால் 2021 பிப்ரவரியில், குழாய் வானத்தில் எங்கே பார்க்கிறது என்று போனில் காட்டும் இந்த மின்னணுப் பெட்டியை, அதாவது டிஜிட்டல் செட்டிங் சர்க்கிளைச் செய்தேன். நாலு வருடம் தாண்டிவிட்டது. எது நின்றது, எது உடைந்தது, எதை முதலிலேயே வேறு மாதிரி செய்திருக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. தொலைநோக்கியின் இரண்டு அச்சிலும் ஒவ்வொரு என்கோடர். குழாய் எவ்வளவு ஏறியது, பெட்டி எவ்வளவு சுற்றியது என்று அவை எண்ணிக்கொண்டே இருக்கும். இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு அந்த எண்களை வைஃபை வழியாக போனுக்கு அனுப்பும். போனில் ஸ்கைசஃபாரி பிளஸ் என்ற வான வரைபடச் செயலி. இரண்டு நட்சத்திரங்களைக் காட்டி 'இது இதுதான்' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு குழாய் எங்கே பார்க்கிறதோ அங்கே திரையில் குறி நிற்கும். மோட்டார் கிடையாது. தள்ளுவது நம் கைதான்.

நான் போட்டிருப்பது ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் ஆப்டிகல் என்கோடர். ஏ, பி என்று இரண்டு வரிசைத் துடிப்புகள் ஒன்றுக்கொன்று கால் அலை தள்ளி வருவதால் ஒரு சுற்றுக்கு 2400 எண்ணலாம். எது முந்துகிறதோ அதை வைத்துத் திசையும் தெரிந்துவிடும். ஆனால் 2400 என்றால் ஒரு எண்ணுக்கு 9 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). போதாது. அதனால் அச்சில் 60 பல் புல்லி, என்கோடரில் 16 பல் புல்லி, நடுவே ஜிடி2 என்ற பல் வைத்த பெல்ட். 3.75 மடங்கு. ஆக 9000 எண்கள், ஒன்றுக்கு 2.4 கலை. என் 32 எம்எம் ஐபீஸ் காட்டும் வட்டம் ஏறக்குறைய 80 கலை அகலம். இதற்கு மேல் நுணுக்கம் காட்டிப் பயனில்லை; மரப்பெட்டியின் ஆட்டமே அதைவிட அதிகம்.

இதற்கு முன் காந்த சென்சாரையும் போட்டுப் பார்த்தேன். ஏஎஸ்5600, ஒரு சுற்றுக்கு 4096 படி, விலையும் மலிவு, பெல்ட்டே வேண்டாம். ஆனால் காந்தம் அச்சின் நட்டநடுவில் உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் சுற்றின் ஒரு பாதியில் கூட்டியும் மறுபாதியில் குறைத்தும் சொல்லும். மரவேலையில் அந்தத் துல்லியம் எனக்கு வரவில்லை. லேத் பட்டறை கைவசம் உள்ளவர்கள் முயலலாம்.

முதல் மாதம் முழுக்க மின்சாரப் பக்கத் தொல்லை. இந்த என்கோடர்களின் வெளியீடு திறந்த கலெக்டர் வகை. அது கோட்டைக் கீழே இழுக்கும், மேலே தூக்காது. தூக்குவதற்கு நாம்தான் ரெசிஸ்டர் போட வேண்டும். போர்டுக்குள்ளேயே இருக்கிறதே என்று அலட்சியமாக 34, 35ஆம் பின்களில் சொருகினேன். இஎஸ்பி32-வில் 34 முதல் 39 வரை உள்ள பின்களுக்கு அந்த உள் ரெசிஸ்டர் கிடையாது. குழாயைத் தொடாமலே திரையில் குறி கன்னியிலிருந்து துலாமுக்கு ஓடியது. வயர்மேல் விரல் வைத்தால் இன்னும் வேகமாக ஓடியது. இருபது வருடமாக மற்றவர்களின் போர்டைப் பழுது பார்ப்பவனுக்கு இது தெரியாமல் போனது கொஞ்சம் வெட்கம்தான். பின்னை மாற்றி, 3.3 வோல்ட்டிலிருந்து 4.7 கே ரெசிஸ்டரை நாலு கோட்டுக்கும் போட்டதும் அடங்கியது. என்கோடருக்கு 5 வோல்ட் கொடுத்தாலும் ரெசிஸ்டரின் மறுமுனை 3.3-இல்தான் இருக்க வேண்டும். 5-இல் கட்டினால் போர்டு போய்விடும்.

இதைவிடப் பெரிய கதை அந்த போல்ட்.

கடையில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் கச்சிதம். எதிரே இருக்கும் செல்போன் டவரின் சிவப்பு விளக்கில் குழாயை வைப்பேன், மூன்று சுற்று சுற்றி மறுபடி அதே விளக்குக்கு வருவேன், எண்ணும் அதே இடத்துக்கு வந்துவிடும். தோப்புக்கு எடுத்துப் போனால் கதை மாறும். ரோகிணியையும் சிரியஸையும் காட்டித் தொடங்குவேன். ஓரியன் நெபுலா நடுவில் நிற்கும். சிரியஸுக்குக் கீழே எம்41 நட்சத்திரக் கொத்தும் சரி. அப்படியே வடக்கே பெட்டியை வெகுதூரம் திருப்பி எம்81 என்ற விண்மீன் திரளுக்குப் போனால் ஒன்றும் இருக்காது. திரும்பி சிரியஸுக்கே வந்தால் இரண்டு பாகை தள்ளி நிற்கும். இன்னொரு முறை போய் வந்தால் மூன்று பாகை.

புரோகிராமைத் திருத்தினேன். வயரை மாற்றி லேன் வயர் போட்டேன். போர்டையே மாற்றினேன். என் தொழில் அப்படி, கை முதலில் சால்டரிங் அயர்னைத்தான் தேடும். ஆறு மாதம் போனது. தோப்புக் காவலுக்கு வரும் பெரியவர் ஒருவர் ஒருநாள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னா தம்பி, பொட்டிய சுத்தும்போது அடியில கிறீச்சுனு ஒரு சத்தம் வர்தே, அது இன்னா?"

படுத்துப் பார்த்தேன். தரைப்பலகையில் நிற்கும் நடு போல்ட்தான் மொத்தத்துக்கும் ஆதாரம். அதில்தான் 60 பல் புல்லி இறுகியிருக்கிறது. பெட்டி அதைச் சுற்றி வரும், போல்ட் அசையக் கூடாது. ஆட்டம் போகட்டும் என்று மேல் நட்டை நானே இறுக்கியிருந்தேன். நீளமாகத் திருப்பும்போது வாஷர் போல்ட்டைப் பிடித்துக் கூடவே கொஞ்சம் இழுத்துப் போனது. போல்ட் சுற்றினால் புல்லியும் சுற்றும், என்கோடர் அந்த அளவுக்குக் குறைத்து எண்ணும். கடையில் சோதித்தபோது நட்டு தளர்வாக இருந்ததால் இது தெரியவில்லை. என் பெண்ணின் நகப்பூச்சை வாங்கி போல்ட் தலையிலும் பலகையிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன். பெட்டியை அரைச் சுற்று சுற்றிவிட்டு டார்ச் அடித்தால் கோடு உடைந்து இரண்டாக நின்றது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் அந்த 8 எம்எம் போல்ட்டை ஒரு இரும்புத் தகட்டோடு வெல்டிங் வைத்து, தகட்டை நாலு திருகில் பலகையோடு பிடித்தேன். அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. நகப்பூச்சுக் கோடு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் குனிந்து அதைப் பார்ப்பேன், சாமி கும்பிடுவது மாதிரி. உங்கள் பெட்டி தப்பாகக் காட்டினால் புரோகிராமைத் திறக்குமுன் போல்ட்டைப் பாருங்கள், புல்லியின் சின்னத் திருகைப் பாருங்கள். எனக்கு நாலு வருடத்தில் வந்த தவறுகளில் முக்கால்வாசி மரத்திலும் இரும்பிலும்தான்.

எங்கள் ஊர் இருக்கும் அட்சரேகையால் வரும் ஒரு சங்கதி உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிமுறைகளில் இது இருக்காது. அவர்கள் துருவ நட்சத்திரத்தைக் காட்டித் தொடங்கச் சொல்வார்கள். இங்கே அது அடிவானத்திலிருந்து 13 பாகைதான். மலையோ மூட்டமோ மறைத்துவிடும். அடுத்தது இன்னும் மோசம். ஒரு மார்ச் மாதம், இரவு பத்தரை மணி. மகம் பளிச்சென்று இருக்கிறதே என்று அதையே காட்டினேன். அன்று இரவு முழுக்க ஒன்றுமே சிக்கவில்லை. காரணம், மகம் அப்போது தலைக்கு நேர் மேலே, உச்சியிலிருந்து ஒரு பாகை தள்ளி நின்றது. குழாய் செங்குத்தாக இருக்கும்போது பெட்டியைக் கால் சுற்று சுற்றினாலும் நட்சத்திரம் வட்டத்தை விட்டுப் போகாது. பெட்டி சுற்றும் கிடை அச்சின் எண்ணுக்கு அங்கே அர்த்தமே இல்லை. 85 பாகை உயரத்தில் வானத்தில் ஒரு பாகை நகர பெட்டியை 11 பாகைக்கு மேல் திருப்ப வேண்டும் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் சிரியஸும் சித்திரை நட்சத்திரமும்தான். இரண்டும் நடுத்தர உயரம், நடுவே நல்ல இடைவெளி.

கன்னி ராசித் திரள்களிலும் இதே வம்பு. எம்84, எம்86 இரண்டும் இங்கே உச்சிக்கு ஏறும்போது தலைக்கு நேர் மேலிருந்து கால் பாகைக்குள் வந்துவிடும். 'உச்சியில் இருக்கும்போது பாருங்கள், குறுக்கே நிற்கும் காற்று குறைவு' என்பது பொதுவான புத்திமதி. டாப்சோனியனுக்கு அந்த இடம் ஒரு ஓட்டை, தள்ளவே முடியாது. மார்ச் நடுவில் இரவு ஒரு மணிக்கு உச்சி என்றால் நான் பதினொரு மணிக்கே முடித்துக்கொள்வேன். அப்போது 60 பாகை உயரம், குழாய் சொன்ன பேச்சு கேட்கும். முன்பு உத்திர நட்சத்திரத்திலிருந்து கண்ணளவில் தூரம் அளந்து, கையால் குருட்டாம்போக்கில் துழாவியது நினைவிருக்கிறது. ஒரே ஒரு திரளைப் பிடித்துவிட்டு அதன் பெயர் தெரியாமல் வீடு திரும்புவேன். இப்போது எம்84, எம்86, பக்கத்தில் கண்கள் மாதிரி இருக்கும் என்ஜிசி 4435, 4438 என்று பெயர் சொல்லிப் போக முடிகிறது. ஒன்றை அடையாளம் தெரிந்து பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் எனக்கு நிறைய வித்தியாசம் இருக்கிறது.

தெற்கே அப்படித் தொல்லை இல்லை. மே மாதக் கடைசியில் ஒன்பது மணிக்கு ஒமேகா சென்டாரி 30 பாகை உயரத்தில் சும்மா நிற்கும். அதற்கு இந்தப் பெட்டியே தேவையில்லை, வெறுங்கண்ணுக்கே மங்கலான புள்ளியாகத் தெரியும்.

போன் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. போர்டின் வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாக அதை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். எல்லையில் இது இன்னும் அதிகம், தமிழ்நாட்டு டவரா ஆந்திர டவரா என்று போனே குழம்பிக்கொண்டிருக்கும். ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்தால் நிம்மதி. போன் அணைந்தாலும் கவலை இல்லை, எண்ணிக்கை போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். போர்டின் மின்சாரம் போனால்தான் மறுபடி முதலிலிருந்து. திரைக்கு இரண்டடுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். செயலியின் சிவப்புத் திரை மட்டும் அந்த இருட்டுக்குப் போதாது.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய ஒரு 18650 செல், ஒரு சார்ஜிங் போர்டு, 5 வோல்ட்டுக்கு ஏற்றும் ஒரு சின்ன போர்டு. ஆறு மணி நேரம் தாங்குகிறது. செலவு மொத்தம் ஐயாயிரத்துக்குள். உதிரியில் பாதி கடையிலேயே கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேய்மானம்: இரண்டாம் வருடம் எலி வயரைக் கடித்தது. அதன் பிறகு இந்த மின்னணுப் பெட்டியைத் தொங்கவிடுகிறேன். கிடை அச்சின் பெல்ட்டை ஒருமுறை மாற்றினேன். காரின் டிக்கியில் மே மாத வெயிலில் கிடந்து தொய்ந்திருந்தது. ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தால் என்கோடர் மூடியாக வைத்த பிஸ்கட் டப்பாவுக்குள் எறும்புக் குடும்பம். இரண்டு என்கோடரும் மட்டும் இன்றுவரை முதல் நாள் போட்டதுதான்.

இன்னும் திருப்தி இல்லாத இடம் மேல்-கீழ் அச்சு. புல்லி பக்கத் தட்டின் மையத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகி இருக்கிறது. குழாய் தாழ்ந்திருக்கும்போது பெல்ட் விறைப்பாகவும் ஏறும்போது தளர்வாகவும் போகிறது. அதனால் அடிவானத்துக்குப் பக்கத்தில் அரை பாகை பொய் சொல்லும். பித்தளைப் புஷ் ஒன்று கடைந்து தரச் சொல்லி ஆம்பூரில் லேத் வைத்திருப்பவரிடம் அளவு கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. போன் போட்டால் "நாளைக்கு" என்கிறார்.