கரையும் டோலுடெகிரவிர் 10 மி.கி.: பிள்ளைகளின் ஏ.ஆர்.டி. மாத்திரை எப்படி இருக்கிறது?

பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்றோடு வந்த பிள்ளைக்கு மருந்தே கொடுக்காவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 2008இல் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று, நோய் முற்றும்வரை காத்திராமல் பிறந்த சில வாரங்களிலேயே மருந்தைத் தொடங்கினால் சாவு 16 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறையும் என்று காட்டியது. ஆகவே எந்த மருந்து என்பதைவிட, அந்த மருந்தை இரண்டு மாதக் கைக்குழந்தை தினமும் விழுங்குமா என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியை வைத்தே, ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. சிகிச்சையில் பிள்ளைகளுக்குத் தரும் இந்த டோலுடெகிரவிர் மாத்திரையை மதிப்பிட வேண்டும்.

முன்பு கொடுத்தது லோபினாவிர்–ரிட்டோனாவிர் சிரப். கடும் கசப்பு. அதில் 42 சதவீதம் ஆல்கஹால். வைக்க வேண்டிய இடம் ஃப்ரிட்ஜ். வெளியே வைத்தால் 25 டிகிரிக்குள், அதுவும் இரண்டு மாதம்தான். மார்கழிப் பகலில்கூட நம்மூரில் அந்தக் குளிர் கிடையாது. பீடி சுற்றிப் பிழைக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன மருந்து என்ற கேள்வி வரும். துப்பிய வேளை எத்தனை, கொடுக்காமல் விட்ட வேளை எத்தனை என்று யாருக்கும் தெரியாது. கிருமி மருந்துக்குப் பழகிப்போனது இப்படித்தான்.

டோலுடெகிரவிர் 10 மி.கி. வந்ததும் இந்தச் சண்டை பெருமளவு ஓய்ந்தது. ஸ்ட்ராபெர்ரி வாசனை, நடுவில் கோடு, தண்ணீரில் கரையும். பிறந்து 4 வாரமும் 3 கிலோ எடையும் ஆனால் தொடங்கலாம். ஒரு நாளைக்கு ஒரே வேளை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கு இல்லை. கிருமி இதற்கு எதிராக எளிதில் மாறிக்கொள்வதும் இல்லை. இதன் பெரிய பலம் அதுதான். 14 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஒடிசி ஆய்வில், 96 வாரத்துக்குள் சிகிச்சை தோற்றது பழைய மருந்துகளில் 22 சதவீதம், இதில் 14 சதவீதம். 90 மாத்திரை கொண்ட டப்பாவுக்கு 2020இல் உலக அளவில் பேசி முடித்த விலை நாலரை டாலர். அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்குகிறவருக்குச் செலவே இல்லை.

கொடுக்கும் முறை எளிது, ஆனால் சில இடங்களில் தவறும். சிறு டம்ளரில் 10 மி.லி. சுத்தமான தண்ணீர், அதாவது இரண்டு டீஸ்பூன். கூடவே கொடுக்கும் அபாகாவிர்–லாமிவுடின் கரையும் மாத்திரையையும் அதிலேயே போடலாம். முழுவதும் கரைந்ததும் சங்கிலோ ஸ்பூனிலோ கொடுங்கள். அடியில் வண்டல் நிற்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வையுங்கள். அந்த வண்டலும் மருந்துதான், அதைக் கொட்டினால் அளவு குறைந்துவிடும். கரைத்த அரை மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். காலையில் கரைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவது கூடாது. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக மட்டும் வேண்டாம். டப்பாவை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியிலோ டிவி மேலோ வைக்காமல் அரங்கில், அதாவது உள்ளறையில், வையுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம்.

இதன் உண்மையான குறை எண்ணிக்கையில் இருக்கிறது. அளவு எடையைப் பொறுத்தது: 6 கிலோவுக்குக் கீழே அரை மாத்திரை, 6 முதல் 10க்குள் ஒன்றரை, 10 முதல் 14க்குள் இரண்டு, 14 முதல் 20க்குள் இரண்டரை. 6 கிலோ தாண்டியபின் 120/60 மி.கி. அபாகாவிர்–லாமிவுடின் மாத்திரைக்கும் இதே எண்ணிக்கைதான் என்பது ஓர் ஆறுதல். கைக்குழந்தைக்குத்தான் குழப்பம்: இதில் அரை, அதில் ஒன்று. பிள்ளையை வளர்ப்பது பல வீடுகளில் ஆச்சிதான். அவர் கண்ணுக்குப் பாதி மாத்திரையும் முழு மாத்திரையும் வேறாகத் தெரியும்படி டப்பா மேல் படம் போட்டுக் கொடுக்கச் சொல்லி மருந்தாளுநரிடம் கேளுங்கள். பிள்ளை எடை கூடியும் பழைய அளவே ஓடுவது அடிக்கடி நடக்கும் தவறு. "ஆச்சி வந்து மாத்திரை வாங்கிட்டுப் போயிட்டா, பிள்ளைக்கு லீவு போட வேண்டாம்" என்பதே காரணம். பிள்ளையைக் கூட்டிப்போய், எடை போட்டு, உயரம் அளந்து, அளவு சரிதானா என்று கேட்காமல் மாத்திரை வாங்கித் திரும்ப வேண்டாம். இரண்டரை மாத்திரை என்றால் 90 மாத்திரை 36 நாள் வரும். 40ஆம் நாளும் டப்பாவில் மாத்திரை மிஞ்சினால் எங்கோ வேளை தவறியிருக்கிறது.

மூன்று மருந்தும் ஒரே கரையும் மாத்திரையாக 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் தற்காலிக ஒப்புதல் பெற்றது. 6 கிலோ தாண்டிய பிள்ளைக்கு இரண்டு மாத்திரையையும் எண்ணும் குழப்பத்துக்கு மருந்து அதுதான். உங்கள் மையத்துக்கு வந்திருந்தால் அதற்கு மாறுவதே நல்லது.

அடுத்த எதிரி இரும்புச் சத்து. இரும்பு, கால்சியம், துத்தநாகம், அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த வயிற்றெரிச்சல் மருந்து எல்லாமே டோலுடெகிரவிரைப் பிடித்துவைத்து உடம்பில் ஏறவிடாது. மாத்திரையை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். அங்கன்வாடியில் வாரம் இருமுறை இரும்பு டானிக், பள்ளியில் வாரம் ஒரு இரும்பு மாத்திரை. அது மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்றால், ஏ.ஆர்.டி.யைக் காலை 7 மணிக்குக் கொடுங்கள். இரவு 9 மணியும் சரி. டீச்சரிடம் நோயைச் சொல்லவே வேண்டாம். தூக்கம் கெடுகிற பிள்ளைக்குக் காலை வேளை இன்னும் பொருந்தும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், டோலுடெகிரவிரின் அதே முழு அளவை 12 மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டும். அந்த மருந்து நின்று இரண்டு வாரம் வரைக்கும். காசநோய் மருந்து வேறு கட்டிடத்தில் தருவதால் இது விடுபட்டுப்போகிறது. இரண்டு அட்டைகளையும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள். அபாகாவிர் தொடங்கிய முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வாமை என்று உறுதியானால் அந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது, உயிருக்கே ஆபத்து.

ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு சோதனை ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கொருமுறை. 1000க்கு மேல் வந்தால் மருந்தைக் குறை சொல்லுமுன் வேளைகளை எண்ணிப் பாருங்கள். சித்திரை முதல் ஆடி வரை கோயில் கொடைக் காலம். ஊருக்குப் போய் இரண்டு இரவு விழித்தால் டப்பா வீட்டிலேயே கிடக்கும். கிளம்பும்போதே டப்பாவை அப்படியே பையில் வைத்துவிடுங்கள்.

இந்த மாத்திரை செய்யாத வேலையும் உண்டு. தாமதமாகத் தொடங்கிய பிள்ளைக்கு ஏற்கெனவே கெட்ட நுரையீரலையும், வடிகிற காதையும், குறைந்த உயரத்தையும் அது முழுதாக மீட்டுத் தராது. ஓடினால் இளைக்கிற, மாதக்கணக்கில் இருமுகிற பிள்ளைக்குக் காசநோய் இல்லை என்று முடிவு வந்தாலும் நெஞ்சைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

20 கிலோவில் 50 மி.கி. மாத்திரை, 30 கிலோவுக்கு மேல் டெனோஃபோவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. அப்போது சிறுநீரகத்துக்காக கிரியேட்டினின் என்னும் ரத்தச் சோதனை பார்க்க வேண்டும். இதற்குள் பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 6 வயதில் "உடம்பில் ஒரு கிருமி, மாத்திரை அதைத் தூங்க வைக்குது" என்று தொடங்கி, 12 வயதுக்குள் பெயரோடு சொல்லிவிட வேண்டும். சத்து மாத்திரை என்று சொல்லி வளர்த்தால் பத்தாம் வகுப்பில் தூக்கி எறிந்துவிடும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் மையத்தின் ஆலோசகரிடமோ 1097 இலவச எண்ணிலோ கேட்கலாம். படிப்புக்கோ வேலைக்கோ திருப்பூர், சென்னை என்று கிளம்பும்போது டிரான்ஸ்ஃபர் கடிதம் வாங்கி, கையில் ஒரு மாத மாத்திரையோடு அனுப்புங்கள்.