ஆக்சிலரேட்டரா, கிளட்சா: வீலி பழக நான் தேர்ந்த வழி

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவதுதான் வீலி. அப்படி எழுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஆக்சிலரேட்டரை மட்டும் முறுக்கித் தூக்குவது ஒன்று. கிளட்சைப் பிடித்து, இன்ஜினை உறுமவிட்டு, சட்டென்று விட்டுத் தூக்குவது மற்றொன்று. என்னைப் பழக்கிய நண்பர் கிளட்சில்தான் தொடங்கச் சொன்னார். இரண்டு மாதம் அப்படியே செய்தேன். பிறகு அதை நிறுத்திவிட்டு ஆக்சிலரேட்டர் வழிக்கு மாறினேன். மாறி 1 வருடம் ஆகிறது. எனவே இது நடுநிலையான அலசல் இல்லை. புதிதாகக் கற்பவர் ஆக்சிலரேட்டரில் தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. கிளட்ச் எங்கே வெல்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். நான் பழகுவது மூடிக்கிடக்கும் ஒரு செங்கல் சூளை வளாகத்தில், உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய அனுமதியோடு. சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு இறுகிய மண்தளம், சுற்றிலும் வேலி. பொதுச்சாலையில் இதைச் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி அது ஆபத்தான ஓட்டுதல். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை நம்முடைய பயிற்சிக்குச் சம்மதம் தரவில்லை. முழுமுக ஹெல்மெட், முதுகுக் காப்பு, முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். தனியாகவும் போகக் கூடாது.

என்னுடையது பழைய 373 சிசி கேடிஎம் 390 டியூக். மைத்துனனிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இருக்கிறது. நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டு வண்டிகளில் கண்டது.

முன்சக்கரம் ஏன் எழுகிறது என்பது புரிந்தால் இரண்டு வழிகளின் வேறுபாடும் தானாகப் புரியும். நெடிய ஏணி ஒன்றைத் தரையிலிருந்து நிமிர்த்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு முழம் தூக்கத்தான் முழு பலமும் வேண்டும். நிமிர நிமிர அது இலேசாகும். செங்குத்தாகும்போது ஒரு விரலே போதும். அதையும் தாண்டினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். எடை பின்சக்கரத்துக்கு நேர் மேலே வருகிற இடம்தான் சமநிலைப் புள்ளி. தூக்கத் தேவைப்பட்ட விசையை அதே அளவில் தொடர்ந்து கொடுத்தால் வண்டி அந்தப் புள்ளியைக் கடந்து முதுகுப்புறமாக விழும். ஆகவே முன்சக்கரம் எழத் தொடங்கிய கணத்திலிருந்தே விசையைக் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். வீலியில் கற்க வேண்டியதில் முக்கால் பங்கு இந்தக் குறைத்தல்தான்.

390-இல் இதைக் கணக்காகவே பார்க்கலாம். இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 37 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது ஏறக்குறைய 21 மடங்காகப் பெருகிப் பின்சக்கரத்துக்குப் போகிறது. சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் சுமார் 2,500 நியூட்டன் உந்துவிசை. நானும் வண்டியும் சேர்ந்து ஏறக்குறைய 240 கிலோ. அதன் எடையும் கிட்டத்தட்ட அதே அளவு விசைதான். முன்சக்கரத்தை எழுப்ப நம் எடைக்கு நிகரான உந்துவிசை தோராயமாகத் தேவை என்று வைத்துக்கொண்டால், இந்த வண்டி எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. வெறுமனே முறுக்கினால் முன்பக்கம் இலேசாகுமே தவிர எழாது. எழுப்ப ஒரு சிறு தூண்டல் வேண்டும்.

அந்தத் தூண்டலை இன்ஜின் பிரேக்கிங் தருகிறது. முதல் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் போகும்போது ஆக்சிலரேட்டரை மூடினால், இன்ஜின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும், எடை முன்னால் சாயும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் அமுங்கும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் அதே நொடியில் முறுக்கினால், ஸ்பிரிங்கின் எழுச்சியும் இன்ஜினின் உந்தலும் சேர்ந்து சக்கரத்தைத் தூக்கிவிடும். நேரம் தப்பினால் ஒன்றுமே நடக்காது, வண்டி சும்மா முன்னால் ஓடும். எனக்குப் பிடித்தது இதுதான். தப்புச் செய்தால் சக்கரம் எழாமல் போகிறது. அந்தத் தோல்வியில் யாருக்கும் அடிபடுவதில்லை.

கிளட்ச் வழி வேறு மாதிரி. சுழலும் கிராங்க்கிலும் ஃப்ளைவீலிலும் சேர்ந்திருக்கும் ஆற்றலை அது ஒரே அடியில் பின்சக்கரத்தில் இறக்குகிறது. இன்ஜினின் வழக்கமான முறுக்குவிசையைவிடப் பெரிய அடி அது. வேகம் குறைவாக இருக்கும்போதே தூக்கலாம், இரண்டாவது கியரிலும் தூக்கலாம், சிறிய வண்டியையும் தூக்கலாம். ஆனால் நேரம் தப்பினால் சக்கரம் எழாமல் இருப்பதில்லை. சில சமயம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு எழுகிறது. பழகாத கைக்கு எவ்வளவு விட்டோம் என்பதே தெரியாது.

தூக்குவதைப் பற்றி இவ்வளவு போதும். என்னை மாற்றியது இறக்கம்.

கிளட்ச் பழகிய இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு நாள், அன்றைய ஒன்பதாவது முயற்சியோ பத்தாவதோ, சக்கரம் வழக்கத்தைவிட வேகமாக எழுந்தது. தொடுவானம் மறைந்து ஸ்பீடோமீட்டர் மட்டும் முகத்துக்கு நேராகத் தெரிந்தது. பயத்தில் என் இடது கை கிளட்சை இறுகப் பிடித்துக்கொண்டது. அன்றுவரை எல்லா வேலையையும் செய்தது அந்தக் கைதானே. கிளட்ச் பிடிபட்டதும் இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. உந்துதலும் இல்லை, இழுத்துப் பிடித்தலும் இல்லை. சமநிலைப் புள்ளிக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் முன்சக்கரம் தானாக விழுந்திருக்கும். நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். கால் பிரேக்கின் நினைவே வரவில்லை. நம்பர் பிளேட் தரையில் உரசும் சத்தம் கேட்டது, நான் பின்னால் இறங்கி ஓடி விழுந்தேன், வண்டி தனியாகச் சறுக்கிப் போனது. இடது மணிக்கட்டில் சுளுக்கு. மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை.

அந்த மூன்று வாரமும் ஒரே கேள்விதான். பயம் வந்தால் கை தானாக எதைச் செய்யும்? கிளட்ச் பழகுகிறவனின் கை கிளட்சைப் பிடிக்கும். பிடித்தால் இன்ஜின் பிரேக்கிங் போய்விடும், காப்பாற்றக் கால் மட்டுமே மிஞ்சும். ஆக்சிலரேட்டரை மட்டும் பழகுகிறவனின் கையோ ஆயிரம் முறை முறுக்கியதையும் மூடியதையும் மட்டுமே அறியும். அவன் ஆக்சிலரேட்டரை மூடும்போது இன்ஜின் சக்கரத்தோடு இணைந்தே இருக்கிறது. அது பின்சக்கரத்தைப் பின்னால் இழுக்கும், அந்த இழுப்பு முன்பக்கத்தைக் கீழே கொண்டுவரும். தூக்கிய கையேதான் இறக்கவும் செய்கிறது.

குணமான பிறகு இடது கையின் நான்கு விரல்களையும் கைப்பிடியைச் சுற்றி வைத்துக்கொண்டேன், கிளட்ச் லீவரில் ஒரு விரலும் இல்லை. வலது கால் பிரேக் மிதியின் மேல். இதில் மட்டும் எந்த வழியானாலும் விலக்கு இல்லை. முதல் மாதம் முழுவதும் ஒரு சாணுக்கு மேல் தூக்கவில்லை. மூடு, அமுக்கு, முறுக்கு, உடனே மூடு. சக்கரம் எழுந்ததை உணரும் முன்பே மூடப் பழகினேன். ஒரு மாலைக்கு நாற்பது, ஐம்பது முறை.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதற்குப் பொருளில்லை. சக்கரம் எழும்போது உடல் பின்னால் போகும். கைகள் ஹேண்டில்பாரில் தொங்கும். தொங்கும் மணிக்கட்டு ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கிவிடும். பின்னால் சாயச் சாய விசை கூடிக்கொண்டே போகும். கிளட்ச் வழியைப் பரிந்துரைப்பவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள், அது நியாயமான வாதம். நான் கண்ட மருந்து இரண்டு. முழங்கால்களால் டேங்க்கை இறுக்கிப் பிடித்தால் உடலின் எடை கைகளுக்கு வராது. கைப்பிடியைப் பிடிக்கும்போதே, தேவைப்படும் அளவு முறுக்கியதும் மணிக்கட்டு அதன் எல்லைக்கு வந்துவிடும்படி பிடித்தால், மேலும் முறுக்க இடமிருக்காது. இவை பழகும்வரை உயரத்தைக் கூட்டக் கூடாது.

இன்ஜின் பிரேக்கிங்குக்கு எல்லையும் உண்டு. முதல் கியரில் வலுவாக இருக்கும், இரண்டாவதில் கணிசமாகக் குறையும். 390 போன்ற வண்டிகளில் இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், இந்தப் பின்னிழுப்பை ஓரளவுக்கு மேல் போகவிடாமல் தளர்த்துவதற்காகவே வைக்கப்பட்டது. சமநிலைப் புள்ளியைத் தாண்டியபின் உறுதியாகக் காப்பாற்றுவது கால் பிரேக்தான். அங்கேயும் ஒரு சிக்கல். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். இரட்டைச் சேனல் ஏபிஎஸ் இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிடுகிறது. முன்சக்கரம் காற்றில் வேகம் குறைந்து சுழலும்போது அந்த ஒப்பீடு தவறாகி, பின் பிரேக் எதிர்பார்த்தபடி பிடிக்காமல் போகலாம். 390-இல் சூப்பர்மோட்டோ நிலைக்கு மாற்றினால் பின்பக்க ஏபிஎஸ் அணைந்துவிடும், நான் அதில்தான் பழகுகிறேன். மைத்துனனின் எக்ஸ்பல்ஸில் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான், இந்தக் கவலை இல்லை.

மூடுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தொடக்கத்தில் நான் ஒரேயடியாக மூடினேன். சக்கரம் ‘டம்’ என்று விழும். நான்கு மாதத்தில் ஹேண்டில்பார் நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் சிக்கத் தொடங்கியது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்குகளைத்தான் கோன் செட் என்பார்கள். மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

“கோன் செட் போய்விட்டது தம்பி. நேராக வைத்துக் கீழே போட்டுப் போட்டு நடுவில் தடம் விழுந்திருக்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து போடுகிறாய்?”

“ஓர் அடிதான் அண்ணா.”

“அடியைக் கேட்கவில்லை. விழும்போது ஆக்சிலரேட்டரைத் திறந்து வைத்திருக்கிறாயா, மூடி வைத்திருக்கிறாயா?”

அதன் பிறகுதான் முக்கால் பங்கு மூடி, சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இலேசாகத் திறக்கப் பழகினேன். அந்தச் சிறு திறப்பு விழும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இப்போது சத்தமே கேட்பதில்லை. கோன் செட்டை மாற்றி எட்டு மாதம் ஆகிறது, சிக்கல் இல்லை. செயின் தளர்வாக இருந்தால் மட்டும் இந்த நுணுக்கம் வராது. மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் உதறல் வந்து கையின் கணக்கைக் கெடுக்கும். அதனால் ஏறுவதற்கு முன் செயினைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பராமரிப்பில் மற்றவை சுருக்கம்தான். கிளட்ச் பழகிய இரண்டே மாதத்தில் தட்டுகள் கருகிய வாடை வந்து மாற்ற வேண்டியதாயிற்று. ஆக்சிலரேட்டர் வழியில் கிளட்சுக்குத் தேய்மானமே இல்லை என்று சொல்லலாம். செயின் ஸ்ப்ராக்கெட் சற்று முன்னதாகத் தேயும். ஃபோர்க் ஆயில் சீல் இரண்டு வழியிலும் பாடுபடும். நெடுநேரம் உயரத்தில் நின்றால் இன்ஜின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிப் பம்புக்குக் கிடைக்காமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஒரு சாண், ஒரு முழம் தூக்குகிற நிலையில் அந்தக் கவலை வேண்டாம்.

கிளட்ச் வெல்கிற இடங்களைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்பல்ஸில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் எனக்குச் சக்கரம் எழவில்லை. 200 சிசி இன்ஜினுக்கு அந்த வலு இல்லை. அந்த வண்டிக்குக் கிளட்ச் தவிர வழியில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100-இல் பழகிய மூத்தவர்கள் என் வாதத்தைக் கேட்டு மறுப்பதும் இதனால்தான். 98 சிசி, 11 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் என்பது பெயருக்குத்தான். அவர்கள் கிளட்சில் தூக்கிக் காலால் இறக்கினார்கள், அவர்களுக்கு அதுவே சரியான வழி.

1991-இல் ஜப்பானின் யசுயுகி குடோ ஒரே சக்கரத்தில் 331 கிலோமீட்டர் ஓட்டியது ஹோண்டா டிஎல்எம் 220 ஆர் என்ற, தடைகளைத் தாண்டும் டிரையல்ஸ் போட்டிக்கான சிறிய டூ-ஸ்ட்ரோக் வண்டியில். பெரிய இன்ஜினும் இல்லை, நம்பிக்கொள்ள இன்ஜின் பிரேக்கிங்கும் இல்லை. சமநிலைப் புள்ளியிலேயே நின்று ஓட்டுகிற அந்த நிலைக்குப் போக விரும்புகிறவர் என்றாவது கிளட்சையும் கால் பிரேக்கையும் முழுமையாகக் கற்றே ஆக வேண்டும். நான் அந்த உயரத்துக்கு இன்னும் போகவில்லை. 600 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் என் பரிந்துரை செல்லாது. அவற்றில் முதல் கியரில் முறுக்கினால் எந்தத் தூண்டலும் இல்லாமலே சக்கரம் எழுந்துவிடும். தப்பு நேரம் என்றால் ஒன்றும் நடக்காது என்று நான் மேலே சொன்ன பாதுகாப்பு அங்கே இல்லை. 390-ஐ ஒட்டிய வலுவுள்ள வண்டியில், ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில், முதல் கியரில் புதிதாகத் தொடங்குகிறவருக்கே இதைச் சொல்கிறேன்.

இப்போது மைத்துனனும் பழகுகிறான். அவனுடைய எக்ஸ்பல்ஸிலேயே தொடங்கச் சொன்னேன், ஆனால் சக்கரத்தைத் தூக்க அல்ல. முதல் கியரில் மூடி, ஃபோர்க் அமுங்குவதை உணர்ந்து, எழும் நொடியில் திறந்து, உடனே மூடுவது மட்டும். அந்த வண்டியில் முன்பக்கம் 190 மில்லிமீட்டர் ஆடும் நீண்ட ஃபோர்க் இருப்பதால் அமுங்குவதும் எழுவதும் கைக்குத் தெளிவாகத் தெரியும். இதில் கை படிந்த பிறகு அவனை என் 390-இல் ஏற்றினேன். கிளட்சை எப்போது தொடலாம் என்று தினமும் கேட்கிறான். சத்தமில்லாமல் நூறு முறை இறக்கிக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைவரை இருபத்திரண்டு.