அஃபிடவிட் தளம்: சிட்டிங் எம்எல்ஏவை எடைபோட எவ்வளவு உதவும்?

சிட்டிங் எம்எல்ஏ மறுபடி சீட் வாங்கி நிற்கிறார் என்றால் வாக்காளருக்கு ஒரு வசதி உண்டு. வேட்பாளர் தன் சொத்து, வருமானம், வழக்கு விவரங்களை மனுவோடு சத்தியம் செய்து தரும் பிரமாணப் பத்திரம் (அஃபிடவிட்) புதுமுகத்துக்கு ஒன்றுதான், இவருக்கு இரண்டு. ஐந்து வருடம் முன்பு சொன்ன சொத்துக் கணக்கையும் இப்போது சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். தேர்தல் ஆணையத்தின் அஃபிடவிட் தளத்தில் காசு செலவில்லாமல் கிடைக்கிறது. ஆனால் ஒப்பிடும் வேலை முழுக்க நம் தலையில்.

2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலை வைத்தே பார்ப்போம். எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபடி வாக்குக் கேட்டார், அமைச்சர்களில் பெரும்பாலானோரும் மறுபடி களத்தில் நின்றார்கள். மனு தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரை, பரிசீலனை 20, வாபஸ் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. மனு கொடுத்த 24 மணி நேரத்துக்குள் பத்திரம் தளத்தில் ஏற வேண்டும் என்பது விதி. கட்சிகள் நல்ல நேரம் பார்த்து மனு கொடுப்பதால் ஒரே நாளில் கூட்டம் குவியும். முக்கியமானவர்களின் பத்திரம் கைக்கு வந்து வாக்குப்பதிவு வரை இரண்டரை முதல் மூன்றரை வாரம்தான்.

தளத்தில் பெயரைத் தட்டித் தேடாதீர்கள். ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கூட்டு இருக்கும். தேர்தல் வகை, தேர்தல், மாநிலம், கட்டம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர் பட்டியல் படத்தோடு வரும். ஒரே ஆள் இரண்டு மூன்று முறை தென்பட்டால் குழம்ப வேண்டாம். ஒருவர் நாலு மனு வரை கொடுக்கலாம், ஒன்றில் முன்மொழிந்தவர் கையெழுத்து சரியில்லாவிட்டாலும் இன்னொன்று நிற்கும் என்பதற்காக. 'நிராகரிக்கப்பட்டது' என்று வருவதையெல்லாம் தள்ளிவிடவும் கூடாது. கட்சியின் மாற்று வேட்பாளர் மனு, பிரதான வேட்பாளர் மனு ஏற்கப்பட்டதும் இயல்பாகவே தள்ளுபடியாகும். மாற்றாக நிற்பவர் பல இடங்களில் மனைவி அல்லது மகன். சம்பாதிக்கும் மகனின் சொத்து அப்பாவின் பத்திரத்தில் வராது, அவரே மாற்று வேட்பாளராக மனு போட்டிருந்தால் அதில் வந்துவிடும். இந்த வழியைப் பலர் கவனிப்பதே இல்லை.

பத்திரத்தின் பெயர் படிவம் 26. முத்திரைத்தாளில் அச்சிட்டு, நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்த பி.டி.எஃப். எழுத்தைத் தேட முடியாது, சில பக்கம் கோணலாக இருக்கும், முத்திரை சரியாக எண்ணின் மேலேயே விழுந்திருக்கும். செல்போனில் படிப்பது தண்டனை. கணினியில் திறந்து, முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பகுதி 'ஆ' என்பது சுருக்கம். பத்திரிகைகளில் வரும் 'சொத்து மதிப்பு இத்தனை கோடி' செய்தியெல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான். அந்தக் கூட்டுத்தொகை பகுதி 'அ'வில் உள்ள அட்டவணைகளோடு பொருந்துகிறதா என்று ஒரு முறை கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஒரே ஆளுக்கு இரண்டு பத்திரம் இருந்தால் பிந்திய தேதி உள்ளதைப் படியுங்கள்.

இனி ஒப்பீடு. மொத்தத் தொகையை மொத்தத் தொகையோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் அதிகம் ஏமாற்றுவதும். நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மே மாதம் சவரன் 22 ஆயிரத்தைச் சுற்றி இருந்தது, 2021 மார்ச்சில் 33 ஆயிரத்தைச் சுற்றி. பீரோவில் இருந்த 100 சவரன் அப்படியே இருந்தாலும் தாளில் 11 லட்சம் கூடிவிடும். ஆகவே எடையைப் பாருங்கள். ஒரு பத்திரத்தில் கிராம், இன்னொன்றில் சவரன் என்று இருக்கலாம், சவரனை எட்டால் பெருக்கிக் கிராமாக்கிக்கொள்ளவும்.

நிலத்தில் நேர் எதிர். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பான வழிகாட்டி மதிப்பைத் தமிழக அரசு 2017 ஜூன் 9 முதல் 33 சதவீதம் குறைத்தது. வழிகாட்டி மதிப்பை வைத்தே கணக்குச் சொல்பவருக்கு அதே நிலத்தின் மதிப்பு 2021இல் இறங்கித் தெரியும், புதிதாக வாங்கிய நிலம் அந்த இறக்கத்துக்குள் மறைந்தும் போகும். எனவே சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை ஆகிய நான்கை மட்டும் இரண்டு பத்திரத்திலிருந்தும் ஒரு தாளில் எழுதுங்கள். பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன சர்வே எண்ணும், புதியதில் மட்டும் இருக்கும் எண்ணும் தனியே தெரியும். அப்புறம் பதிவுத்துறை இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். விற்றாரா, யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பது அதில் இருக்கும். இந்த ஒரு வேலைக்காகவே அஃபிடவிட் தளத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம்.

வருமான அட்டவணை 2019 பிப்ரவரியில் மாறியது. அதற்கு முன் கடைசியாகத் தாக்கல் செய்த ஒரு வருடத்து வரிக் கணக்கு போதும். இப்போது ஐந்து வருடம், மனைவி அல்லது கணவர், இந்து கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் எல்லோருக்கும். 2021 பத்திரத்தில் 2015-16 முதல் 2019-20 வரை வந்ததால் ஒரு முழுப் பதவிக்காலமே ஏறக்குறைய அடங்கிவிட்டது. 2017 ஜூலையிலிருந்து தமிழக எம்எல்ஏவின் மாதச் சம்பளம் படிகள் உட்பட 55,000இலிருந்து 1,05,000 ஆனது, வருடத்துக்கு 12.6 லட்சம். வரிக்கணக்கில் அதைவிடக் குறைவாகத் தெரிந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம், சில படிகளுக்கு வரிவிலக்கு உண்டு. விவசாய வருமானமும் வரிக்கணக்கின் மொத்தத்தில் சேராது. தொழில் விவசாயம் என்று எழுதியவர் புதிதாகக் கட்டடம் வாங்கியிருந்தால், கடன் பட்டியலையும் வருமான வழி என்ற பகுதியையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

வழக்குப் பகுதியில் எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. சாலை மறியல் செய்தவருக்கு, 2024 ஜூலைக்கு முன் நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அரசு உத்தரவை மீறல்), 341 (வழிமறித்தல்) என்று பத்து எஃப்.ஐ.ஆர். இருக்கும், அவை பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரருக்கே அதிகம். 420 (மோசடி), 468 (ஏமாற்றப் போலி ஆவணம் தயாரித்தல்), ஊழல் தடுப்புச் சட்டம் 13 என்று ஒன்றே ஒன்று இருந்தாலும் அது வேறு ரகம். ஆணையத்தின் வேட்பாளர் செயலி குற்ற வழக்கு 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் முகப்பில் காட்டுகிறது. அதோடு நிறுத்திவிடுபவர்களுக்குத் தவறான படமே கிடைக்கும்.

இந்த இணையச் சேவையின் பெரிய குறை, பழைய பத்திரமும் புதியதும் ஓரிடத்தில் இல்லாதது. 2016க்கு ஆணையத்தின் தனி ஆவணக் காப்பகத்தைத் தேடிப் போக வேண்டும். தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பு நடத்தும் மைநேத்தா தளத்தில் மீண்டும் போட்டியிடுவோரின் இரண்டு கணக்குகளும் அட்டவணையாகவே இருக்கின்றன, வேகத்துக்கு அதுதான். ஆனால் கையால் தட்டச்சு செய்த தரவு, பெரிய தொகை ஏதாவது உறுத்தினால் ஸ்கேன் பிரதியைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள நிலம் இரண்டிலும் வராது, பங்கு மட்டும்தான் வரும்.

ஐந்துக்கு மூன்று. ஒரு மதிப்பெண் தேட முடியாத ஸ்கேனுக்காகப் போனது, இன்னொன்று இரண்டு தேர்தலை இணைக்காததற்காக.

முரண் கண்டுபிடித்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் விசாரித்து மனுவைத் தள்ளுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டு, சொல்லியும் நிரப்பாவிட்டால் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மனு தள்ளுபடியாகலாம். பொய்யாக நிரப்பியிருந்தால் அவர் கைவைக்க மாட்டார். பரிசீலனைக்கு முன் எதிர் பிரமாணப் பத்திரம் ஒன்றை நோட்டரி கையெழுத்தோடு அவரிடம் கொடுக்கலாம், அதையும் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும். தண்டனை வேண்டுமென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.